இதய நோயாளிக்கு வேண்டியது துணை



மாரடைப்பிலிருந்து மீண்ட அத்தாவைக் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் காப்பதையே அன்பு என்று நம் குடும்பங்கள் பல எண்ணுகின்றன. மருத்துவர் நடக்கச் சொன்ன பின்னும் படுக்கவைப்பது இதயத்திற்கு நன்மையன்று. அசையாத உடலில் தசைகள் தளரும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடும்.

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை வகுத்தது. வேப்பூர்வாசிகள் அதைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வாகனங்கள் விரையும் திருச்சி நெடுஞ்சாலை ஓரமும் வேண்டாம். பள்ளிவாசலுக்குச் செல்லும் தெருவே போதும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு. போக 5, வர 5 நிமிடம் என நாளுக்கு மூன்று வக்து நடந்தால் ஐந்து நாளில் அது நிறைவேறும். தொழுகைக்கு ஓடி வராமல் நிதானமாக நடந்து வருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தது இதய நோயாளிக்கு எத்துணைப் பொருத்தம்!

தனியே தொடங்கும் நடை எளிதில் நின்றுவிடும். ஆகவே மகனோ பேரனோ உடன் செல்லட்டும். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ தோன்றினால் உடனே நிறுத்தி 108-ஐ அழைக்கட்டும். அம்மாவுக்கும் இதயம் உண்டு. அஸருக்குப் பின் அவருடன் மகள் நடக்கட்டும்.

ஷிஃபா வேண்டி துஆச் செய்யும் நாம், கைபிடித்து உடன் நடக்கவும் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.