கேட்டால்தான் கிடைக்கும்

சிகந்தராபாத் மாரெட்பள்ளியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆயினும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலருக்கு அதை எழுதப் படிக்கத் தெரியாது.

வகுப்பில் 10 பேரோ, பள்ளியில் 40 பேரோ இருந்தால் அவர்கள் தாய்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டுமென 1949-இல் மாகாணக் கல்வியமைச்சர்கள் மாநாடு முடிவு செய்தது. 1956-இல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் மொழிச் சிறுபான்மையினரின் தொடக்கக் கல்விக்கு அந்த வசதியை வலியுறுத்துகிறது.

உரிமையோடு கடமையும் உண்டு. தெலுங்கைக் கட்டாயப் பாடமாக்கிய தெலங்கானாவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாணவர்கள் சுமையாகக் கருதலாகாது. வாழும் மண்ணின் மொழியை நன்கு கற்பதே முறை.

பெற்றோர், பள்ளி விண்ணப்பத்தில் தாய்மொழி தமிழ் என்று தவறாது எழுத வேண்டும். எண்ணிக்கை சேர்ந்ததும் கூட்டாக மனுக் கொடுக்க வேண்டும். கேட்காத உரிமை ஏட்டுச் சுரைக்காயே.