தமிழ்ப் பெயருக்கு ஏன் கேள்விக்குறி?

‘மேக்ரோ எழுதுவதெல்லாம் அலுவலக எழுத்தரின் வேலை, இலக்கியம் கற்பிப்பவனுக்கு அது எதற்கு?’ என்று நம்மிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நம் துறையைச் சேர்ந்தவர்களே. இதை இலக்கியப் பற்று என்று அவர்கள் நினைத்துக்கொள்ளலாம். கைவேலையைத் தாழ்வாகக் கருதும் பழைய புத்தி என்றே நாம் நினைக்கிறோம். அந்தப் புத்திக்குக் கொடுக்கும் விலை நேரம் மட்டுமன்று என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

குச்சனூர்ப் பக்கம் பணிபுரியும் நமக்குச் சனீஸ்வரர் அண்டை வீட்டார். ‘சனைச்சரன்’ என்ற வடசொல்லுக்கு மெல்ல நடப்பவன் என்பதே பொருள். ஈஸ்வரப் பட்டம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வானத்தில் ஒரு சுற்றை முடிக்க அவருக்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. ஆனால் பருவ இறுதியில் அகமதிப்பீட்டு மதிப்பெண் பட்டியல்களை அச்செடுக்கும் ஆசிரியரைப் பார்த்தால் அவரே பரவாயில்லை என்று தோன்றும். நாற்பது பாடமென்றால் நாற்பது எக்செல் கோப்பு. ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும்; மஞ்சள் பட்டையில் அனுமதி கொடுக்க வேண்டும்; கடைசி நெடுவரிசை மட்டும் தனித்தாளில் போய் விழாமல் பக்கத்தைச் சுருக்க வேண்டும்; அச்சிட்டு மூட வேண்டும். ஓரெழுத்தும் மாற்றாதபோதும் ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்று அது கேட்கும். எங்கோ ஒரு கட்டத்தில் ‘டுடே’ என்னும் தேதிச் சூத்திரம் இருந்தாலே போதும், திறந்தவுடன் கோப்பு மாறிவிட்டதாக எக்செல் கணக்கு வைத்துக்கொள்ளும். இப்படி நாற்பது முறை.

இவ்வளவையும் பத்து வரி மேக்ரோ செய்துவிடும். ‘வொர்க்புக்ஸ் ஓப்பன்’ என்பது திறக்கும்; ‘பிரிண்ட்அவுட்’ அச்சிடும்; ‘குளோஸ்’ கட்டளையில் ‘சேவ்சேஞ்சஸ்’ என்பதற்குப் ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்தால் கேள்வி கேட்காமல் மூடும். ஓரகலத்தில் அடக்க ‘ஃபிட் டு பேஜஸ் வைட்’ என்பதை ஒன்றாக்க வேண்டும். அதற்குமுன் ‘ஜூம்’ என்பதை நிறுத்தாவிட்டால் அது செவிசாய்க்காது. யாப்பிலக்கணம் படித்தவனுக்கு இது ஒரு பொருட்டா?

இங்கேதான் உண்மையான வழக்கு தொடங்குகிறது. கோப்புப் பெயர்கள் யாவும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்று ஒரு கல்லூரி அலுவலகம் சுற்றறிக்கை விட்டது. தமிழ்ப் பெயர் வைத்தால் மேக்ரோ ‘ஓடாதாம்’. தமிழ்த் துறையினர் கையொப்பமிட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

ஏனென்று நாம் சொல்வோம். எக்செலின் மேக்ரோ மொழி 1993இல் வந்தது. அதன் உள்ளே சொற்கள் ஒருங்குறியில்தான் சேமிக்கப்படுகின்றன. ஆனால் நிரலெழுதும் சாளரம் இன்றும் பழைய குறிப்பக்கங்களையே நம்பியிருக்கிறது. உருசிய மொழிக்கு 1251, சப்பானியத்துக்கு 932 என்று விண்டோசில் பக்கங்கள் உண்டு. அவற்றைத் தெரிவுசெய்தால் அம்மொழிகளில் எழுதலாம். தமிழுக்கு அப்படியொரு பக்கம் தரப்படவே இல்லை. விண்டோஸ் 2000இல் ஒருங்குறி வழியாக மட்டுமே நாம் உள்ளே நுழைந்தோம். ஆகவே அச்சாளரத்தில் தமிழை ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். ‘தமிழ்’ என்ற சொல்லையே 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்களாக உடைத்துக் கொடுக்க வேண்டும். (பாமினியில் அடித்தால் அது தடையின்றி ஏற்கும், ஏனெனில் அதன் பார்வையில் அவை வெறும் ஆங்கில எழுத்துகள். முறையான குறியீட்டுக்கு மாறியவனுக்குத்தான் தண்டனை!) இத்தனை ஆண்டு கழித்தும் திருத்தப்படாத இக்குறை உற்பத்தியாளருடையது, தமிழுடையது அன்று.

தவிர, சுற்றிப்போக வழியும் இருக்கிறது. தமிழை நிரலுக்குள் எழுதாமல் தாளில் எழுதுங்கள். கோப்புப் பெயர்களை ஒரு விரிதாளின் முதல் நெடுவரிசையில் தமிழிலேயே பட்டியலிட்டு, மேக்ரோ அக்கட்டங்களைப் படித்துத் திறக்கட்டும், தடையின்றித் திறக்கும். அச்சு எந்த வரிசையில் வரவேண்டுமோ அந்த வரிசையிலேயே பட்டியலை அமைக்கலாம் என்பது உபரி இலாபம். கோப்புறையை அதுவே துழாவ வேண்டுமெனில் ‘டிர்’ என்னும் பழைய கட்டளையை விட்டுவிட்டு ‘ஃபைல்சிஸ்டம்ஆப்ஜெக்ட்’ வழியாகக் கேட்க வேண்டும். முன்னது தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறியாக்கும், பின்னது அப்படியே தரும். லிபர்ஆபிஸில் நிரலுக்குள்ளேயே தமிழ் எழுதலாம்.

இதை யார் சொல்லித் தந்திருக்க வேண்டும்? பல பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பாடத்திட்டத்தில் ‘கணினித் தமிழ்’ என்றொரு தாள் இருக்கிறது. 1999இல் சென்னையில் தமிழ்இணைய மாநாடு நடந்ததையும், 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதையும் மாணவர்கள் அதில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார்கள். அதே மாணவன் கம்பத்தில் ஒரு திராட்சை மண்டியிலோ போடியில் ஓர் ஏலக்காய் வணிகரிடமோ கணக்கெழுதப் போனால், தமிழில் பெயரிட்ட கோப்பைத் திறக்கத் தெரியாமல் ஆங்கிலத்துக்கு மாற்றித் தருகிறான். தமிழ் படித்தவன் கையாலேயே தமிழ் அழிக்கப்படும் இடம் அது. அப்பாடத்தை நடத்தும் நாம் விசைப்பலகையின் வரலாற்றோடு நின்றுவிட்டோமென்றால் குற்றம் மாணவனுடையதா?

மேக்ரோ என்றாலே நச்சுநிரல் என்று அஞ்சுவோரும் உளர். அச்சம் ஆதாரமற்றதன்று. 1999இல் மெலிசா மின்னஞ்சல் வழியே பரவியது மேக்ரோவால்தான். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியதும் அதனால்தான். அயலார் அனுப்பியதைத் திறக்காதீர்கள் என்பது சரி. நீங்களே எழுதிய பத்து வரியை ஓட்டாதீர்கள் என்பது எந்த நியாயம்? வேடிக்கை என்னவென்றால், இப்படி அஞ்சும் அலுவலகங்களிலேயே, தொல்லை வேண்டாமென்று ‘எல்லா மேக்ரோக்களையும் அனுமதி’ என்பதைத் தெரிவுசெய்து வைத்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

வரும் பருவத்தில் நம் பட்டியல்களுக்குப் பாடத்தின் பெயரையே தமிழில் சூட்டப் போகிறோம். பெயர்ப் பட்டியல் தாளையும் மேக்ரோவையும் உடன் இணைத்தனுப்புவோம். திருப்பியனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேட்போம். சுற்றறிக்கையில் கையொப்பமிட்ட துறை நண்பர்களும் அவ்வாறே கேட்கலாம்.