கிருபை ஞாயிற்றுக்கிழமைச் சொல்லா?

கிறிஸ்தவர் நாவில் ‘கிருபை’ என்னும் சொல் இடையறாது புழங்குகின்றது. நலம் வினவினும் “தேவ கிருபையால் நலம்” என்பர். ஆயின், ஆலயத்தில் கிருபை வேண்டிக் குவிந்த கைகளே, வீடு திரும்பியதும், வேலைக்காரப் பெண் கைதவறி உடைத்த பீங்கானுக்காக அவள் கூலியைப் பிடித்துக்கொள்கின்றன. பெறுவது கிருபை, கொடுப்பது கணக்கு! இவ்விரட்டை வாழ்வைப் பக்தி என்று போற்றுதல் தகாது.

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் இதனையே கண்டிக்கின்றது. தனக்குத் தீங்கிழைத்த சகோதரனை ஏழுமுறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு வினவ, இயேசு ஓர் உவமையும் கூறுகின்றார். அரசனிடம் 10,000 தாலந்து கடன்பட்ட ஊழியன் முற்றும் மன்னிக்கப்படுகின்றான். வெளியே வந்தவுடன், தனக்கு 100 வெள்ளிக்காசு தரவேண்டிய தோழனின் கழுத்தைப் பிடிக்கின்றான். ஒரு காசு அக்காலக் கூலியாளின் ஒருநாள் ஊதியம். ஒரு தாலந்தோ ஏறத்தாழ 6,000 காசு. ஆகவே, அவன் பெற்றது, கொடுக்க மறுத்ததைப்போல் 6 இலட்சம் மடங்கு! நூறு நாள் கூலி அற்பமன்று. பிறர் செய்யும் தீங்கு வலிக்காது என்று உவமை சொல்லவில்லை. பெற்ற மன்னிப்பின்முன் அது சிறிதென்றே சொல்கின்றது.

“கிருபை காட்டினால் நீதி சாயும்” என்பாரும் உளர். அவர்கள் ஒடிசாவை நோக்குக. 1999 ஜனவரியில், மனோகர்பூர் என்னும் சிற்றூரில், தொழுநோயாளர்க்குப் பணியாற்றிய ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய சிறுமைந்தர் இருவரும் வண்டியில் உறங்கியபோது எரித்துக் கொல்லப்பட்டனர். மனைவி கிளாடிஸ், கொன்றோரை மன்னித்ததாக அறிவித்தார்; தொழுநோயாளர் பணியையும் தொடர்ந்தார். சட்டமோ தன் கடமையைச் செய்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அம்மன்னிப்பு நீதியின் கையைக் கட்டவில்லை. பகையின் கையையே கட்டியது.

அத்தகைய கொடுஞ்சோதனை எல்லார்க்கும் வருவதில்லை. நாள்தோறும் வருவன நூறு காசுக் கடன்களே. வீட்டுப்பாடம் செய்யாத மாணவனைத் திருத்துவது ஆசிரியர் கடமை. அவன் தந்தையின் தொழிலைச் சுட்டி இகழ்வது கடமையன்று, கொடுமை. மன்னிப்புக் கேட்டு வந்த தோழனிடம் பழைய குற்றப்பட்டியலை விரிப்பதும் அன்னதே.

கிருபை, பாடி முடித்துப் பூட்டிவைக்கும் பாமாலை அன்று. அதனைப் பிறர்க்கு வழங்க மறுப்பவன், தான் பெற்றது எவ்வளவென்று இன்னும் எண்ணிப் பாராதவனே!