ஓநாய் மனிதனும் ஒப்பனைக் கலைஞனும்

“ஓநாய் மனிதன் படமா? சிறுபிள்ளைகளை அச்சுறுத்தும் வேடிக்கை!” என்று நம் தோழர்கள் சிலர் நகைப்பதைக் கேட்கிறோம். முழுநிலவு நாளில் மனிதன் ஓநாயாவான் என்னும் மேனாட்டுக் கதையை நாம் நம்பவேண்டியதில்லை. ஆயினும், அதைத் திரையில் நம்ப வைத்த கைகளின் உழைப்பை எள்ளி நகையாடுவது முறையாகுமா?

1941-ஆம் ஆண்டு ஹாலிவுட்டில் யூனிவர்சல் நிறுவனம் ‘தி உல்ஃப் மேன்’ என்ற படத்தை வெளியிட்டது. ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ், நடிகர் லான் சானி ஜூனியரின் முகத்தில் ரப்பர் மூக்கைப் பொருத்தி, யாக் எருமையின் மயிரைச் சிறிது சிறிதாக ஒட்டினார். உருமாற்றக் காட்சிக்கு நடிகர் அசையாமல் இருக்கவேண்டும். சிறிது படம் பிடிப்பார்கள், ஒப்பனையை மாற்றுவார்கள், மீண்டும் பிடிப்பார்கள். ஒன்று கரைந்து மற்றொன்று தோன்றும் அத்துண்டுகளே சேர்ந்து உருமாற்றமாயின.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1981-இல் ஜான் லாண்டிஸ் இயக்கிய ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ வந்தது. அதன் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கர் இருளின் துணையை நாடவில்லை. விளக்கெரியும் அறையில், நம் கண்ணெதிரே கை நீள்கிறது; முதுகு புடைக்கிறது; முகம் ஓநாயின் மூஞ்சியாக நீள்கிறது. அத்தனையும் ரப்பர்த் தோலும் அதனுள் வைத்த கருவிகளுமே! மயிர் முளைப்பது எப்படி? செயற்கைத் தோலில் நட்ட மயிரை உள்ளே இழுத்துப் படம் பிடித்து, அதைப் பின்னோக்கி ஓட்டினார்கள். சிறந்த ஒப்பனைக்கென ஆஸ்கார் பரிசில் தனிப்பிரிவு ஏற்பட்டபோது, முதற்பரிசு பேக்கருக்கே கிடைத்தது.

அக்காட்சியில் நம்மை உலுக்குவது ஓநாயன்று, மனிதனின் வலி. உடல் முறுக்கும் வேளையிலும் அவ்விளைஞன் இறந்த நண்பனிடம் மன்னிப்புக் கேட்கிறான். கையால் செய்த பொம்மை எல்லாவற்றையும் ஒரே நொடியில் காட்ட இயலாது. ஆகவே கலைஞன் ஒவ்வோர் உறுப்பாக நின்று காட்டினான். அச்சம் இரக்கமாக மாற நமக்கு நேரம் கிடைத்தது.

2010-இல் ‘தி உல்ஃப்மேன்’ புதிதாக வந்தது. ஒப்பனை அதே பேக்கர். உடன் டேவ் எல்சி. அவ்விருவருக்கும் ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஆனால் உருமாற்றக் காட்சியை மட்டும் கணிப்பொறியிடம் ஒப்படைத்தனர். எலும்புகள் விரைந்து நெளிகின்றன, வியக்கிறோம், வருந்துகிறோமில்லை.

கணிப்பொறி கற்கும் தோழர்கள் சினங்கொள்ள வேண்டா! குற்றம் கருவியினுடையதன்று. எல்லாம் இயலும் என்ற துணிவில், எங்கே நிறுத்தவேண்டும் என்பதை மறந்ததே குற்றம். ஐயமிருப்பின், விடுதியில் ஓர் இரவு இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மாறுபட்ட கருத்துடையோர் அடுத்த இதழில் எழுதுங்கள், வாதிடக் காத்திருக்கிறேன்.