பார்மசிஸ்ட் வேலை: கையெழுத்துக்குச் சம்பளமா, சர்டிபிகேட்டுக்கு வாடகையா?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அதே சாலையில் இன்னும் தெற்கே போனால், பார்மசி படிப்பு நடத்தும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மேப்பில் பார்த்தால் கணக்கு ரொம்ப ஈசி: அங்கே படி, இங்கே வேலைக்குச் சேர். ஆனால், நடைமுறை அவ்வளவு நேராக இல்லை. பி.பார்ம் படிப்பவர்களும், பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிப்காட்டில் தயாராவது என்ன?

கடலூர் சிப்காட்டின் அடையாளம் ரசாயன ஆலைகள்தான். மருந்து என்று பார்த்தால், முன்பு ‘சாசன்’ என்று அறியப்பட்டு, இப்போது சோலாரா ஆக்டிவ் பார்மா சயின்சஸ் வசம் இருக்கும் ஆலை முக்கியமானது. அங்கே நடப்பது மருந்தின் மூலப்பொருள் தயாரிப்பு. துறையின் பாஷையில் ‘ஏபிஐ’. மாத்திரையாகவோ சிரப்பாகவோ மாறுவதற்கு முந்தைய கட்டம் அது.

மூலப்பொருள் தயாரிப்பை மேற்பார்வையிட பார்மசி பட்டம்தான் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அனுபவமுள்ள வேதியியல் பட்டதாரிகளும், கெமிக்கல் இன்ஜினீயர்களும் அந்தப் பொறுப்புக்கு வரலாம். அதனால், சிப்காட் கேட்டில் பி.பார்ம் பட்டதாரி நிற்கும் வரிசையில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியும் நிற்கிறது. பார்மசிக்காரர்களுக்கு அங்கே பெரும்பாலும் கைகொடுப்பது தரக் கட்டுப்பாடு, தர உறுதி, ஆவணப் பிரிவுகள்தான். மாத்திரை, கேப்சூல் தயாரிப்பில் ஆர்வம் இருந்தால் பக்கத்தில் உள்ள புதுச்சேரிப் பக்கமும் தேட வேண்டும்.

கடையில் நிலைமை வேறு

மெடிக்கல் ஷாப்பில் சட்டம் ரொம்பத் தெளிவு. 1948-ம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-வது பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவுபெற்ற பார்மசிஸ்ட்டாக இருக்க வேண்டும். இரண்டு ஆண்டு டி.பார்ம், நான்கு ஆண்டு பி.பார்ம், ஆறு ஆண்டு பார்ம்.டி என எதை முடித்தாலும் மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்தால்தான் இந்த உரிமை கிடைக்கும்.

இங்கேதான் ஊரறிந்த ஒரு ரகசியம் வருகிறது. சுவரில் ஒருவருடைய சர்டிபிகேட் தொங்கும். கவுன்ட்டரில் வேறொருவர் மாத்திரை எடுத்துக் கொடுப்பார். சர்டிபிகேட்காரருக்கு மாதாமாதம் ‘வாடகை’ போய்விடும்.

‘சம்பளம் குறைவு, கிடைக்கிற வாடகையை ஏன் விடணும்?’ என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். சம்பளம் குறைவு என்பது உண்மைதான். ஆனால், அது ஏன் குறைவாக இருக்கிறது? முழுநேர ஆளுக்குக் கொடுக்க வேண்டியதில் ஒரு பங்கைக் கொடுத்தாலே சட்டம் கேட்கும் பெயர் கிடைத்துவிடுகிறதே! வாடகைக்குப் போகும் ஒவ்வொரு சர்டிபிகேட்டும் ஒரு முழுநேர வேலையைச் சாப்பிட்டுவிடுகிறது. அடுத்த பேட்ச் மாணவர்களின் சம்பளத்தை இன்றைய பட்டதாரிகளே இறக்கிவிடுகிறார்கள்.

நஷ்டம் அவர்களுக்கு மட்டுமல்ல. ஷெட்யூல் எச்1 பட்டியலில் உள்ள ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால், டாக்டர், நோயாளி பெயர்களுடன் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2014 முதல் அமலில் உள்ள விதி இது. ‘சீட்டு இல்லாமல் இதைத் தர முடியாது’ என்று சொல்ல வேண்டியவர் கடையிலேயே இல்லையென்றால், அந்தப் பதிவேட்டுக்கு என்ன மதிப்பு?

‘முடியாது’ என்று சொல்லும் வேலை

ஆலையிலும் இதே கேள்விதான், விலை இன்னும் பயங்கரமானது. 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மா தயாரித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் சிரப்பில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு இருந்ததை தமிழக அரசின் ஆய்வகம் கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தார்கள்.

இந்த நச்சு மூலப்பொருள் வழியாக உள்ளே வரக்கூடியது என்பது மருந்துத் துறைக்குப் புதிதல்ல. அதைப் பிடிக்கும் சோதனையும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ‘இந்த பேட்ச் வெளியே போகக் கூடாது’ என்று ஒருவர் சோதித்து, நிறுத்தியிருந்தால் அந்த சிரப் கடைக்கே வந்திருக்காது. அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் நான்கு ஆண்டு படிப்பு.

கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட, மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் கடலூரும் இருந்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்து, களத்தில் வேறொன்று நடந்தால் என்ன ஆகும் என்பது சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு நன்றாகவே தெரியும்.

இனி என்ன?

2023 டிசம்பரில் திருத்தப்பட்ட ‘ஷெட்யூல் எம்’ விதிகள், மருந்து ஆலைகளின் தர நிர்வாகத்தைக் கடுமையாக்கியிருக்கின்றன. சிறு நிறுவனங்களுக்கான அவகாசமும் 2025 டிசம்பர் 31 வரைதான் நீட்டிக்கப்பட்டது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழகத்தில் 1,000 முதல்வர் மருந்தகங்கள் தொடங்கப்பட்டன. பார்மசி படித்தவர்கள் சொந்தமாகக் கடை நடத்த 3 லட்சம் ரூபாய் வரை அரசு மானியம் உண்டு. ஆக, வாய்ப்புகள் இல்லாமல் இல்லை.

ஆனால், விதி போட்டால் மட்டும் போதாது. கடைக்கு ஆய்வுக்குப் போகும் அதிகாரி, சுவரில் உள்ள சர்டிபிகேட்டைப் பார்ப்பதோடு நிற்காமல், ‘ஆள் எங்கே?’ என்று கேட்க வேண்டும். ஆலையில் ஒரு பேட்ச்சை நிறுத்திய ஊழியரின் வேலைக்குப் பாதுகாப்பு வேண்டும். அது இல்லாவிட்டால் நிறுத்தும் துணிச்சல் யாருக்கும் வராது.

வேலை தேடும் பட்டதாரியும் இன்டர்வியூவில் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்கலாம்: இங்கே தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு யாருக்குப் பதில் சொல்கிறது? ‘உற்பத்தி மேனேஜருக்கு’ என்று பதில் வந்தால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது. ஏனென்றால், நாளைக்கு அங்கே போடப்போகும் ஒவ்வொரு கையெழுத்தும் யாரோ ஒருவருடைய பிள்ளை குடிக்கும் மருந்தின் மேல்தான் விழும்.