வாடகை வீடா, சொந்த வீடா?

வணிகத்துக்கென இணையத்தளம் அமைக்க விழைவோர்க்கு இன்று இரு வழிகள் உள. விக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஆயத்தமாக வைத்துள்ள அமைப்பிலே நாமே படங்களையும் விலைகளையும் சேர்த்து, மாதக் கட்டணம் செலுத்துவது ஒன்று. வல்லுநரைக் கொண்டு நமக்கென்றே கட்டுவிப்பது மற்றொன்று. இதற்குப் பணமும் காலமும் மிகுதி.

சிறு கடைக்கு முதல் வழியே போதும் என்போம். ஆயினும் வாடகை வீட்டின் சுவர் நம்முடையதன்று. விக்ஸில் அமைத்த தளத்தை அப்படியே வேறிடத்துக்குப் பெயர்க்க இயலாது. 1994இல் தோன்றி, எண்ணற்றோரின் தளங்களுக்கு இலவசமாக இடமளித்த ஜியோசிற்றீஸை 2009இல் யாகூ நிறுவனம் அமெரிக்காவில் மூடியபோது, அங்கிருந்தோர் வேறிடம் தேட நேர்ந்தது.

சொந்த வீட்டிலும் ஓர் இடர் உண்டு: திறவுகோல் கட்டியவர் கையிலேயே தங்கிவிடலாம்.

ஆகவே, எவ்வழியை மேற்கொண்டாலும் தளத்தின் முகவரியை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். கடவுச்சொற்களையும், படங்கள், விலைகள், வாடிக்கையாளர் விபரங்கள் ஆகியவற்றின் பிரதியையும் உங்களிடமே வைத்திருங்கள். ஆயத்த அமைப்பிலே அடங்காத அளவுக்கு வியாபாரம் வளர்ந்தபின் சொந்தமாகக் கட்டலாம். முகவரி நமதாயின், வீடு மாறினும் வாடிக்கையாளர் வழி தவறார்.