உமியும் சாட்சி சொல்லுமா?

குற்றம் நிகழ்ந்த இடத்தில் கண்ணுக்குப் புலப்படாத சாட்சி ஒன்று இருக்கக்கூடும். அதுவே மறை விரல்ரேகை. விரல் நுனியிலுள்ள மேட்டு வரிகளின் நுண்துளைகள் வழியே வியர்வை கசிகிறது. முகத்தையோ தலையையோ தொட்ட விரலில் எண்ணெய்ப் பசையும் சேர்கிறது. அவ்விரல் கண்ணாடியைத் தொட்டால் வரிகளின் வடிவம் அங்கே படிந்துவிடும். அதன்மேல் நுண்பொடியை இட்டு மென்தூரிகையால் வருடினால், பசையுள்ள இடங்களில் பொடி ஒட்டிக்கொள்ள, ரேகை வெளிப்படும். 1897ஆம் ஆண்டிலேயே கொல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் நிறுவிய நாடு நமது நாடு.

இப்பணிக்குக் கரித்தூள், அலுமினியத் துகள், டைட்டானியம் டைஆக்சைடு முதலியவை பயன்படுகின்றன. ஈயமும் பாதரசமும் கலந்த பொடிகளும் முன்னர் வழக்கில் இருந்தன. உண்மையைத் தேடுபவர் தம் உடல்நலத்தை விலையாகக் கொடுப்பது முறையன்று. ஆகவேதான் ஆய்வாளர்கள் இயற்கைக் கழிவுகளின் பக்கம் பார்வையைத் திருப்பியுள்ளனர்.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதைத் தூய்மையாக்கி, நுண்மையாக அரைத்து, நிறமேற்றினால் ரேகையில் ஒட்டும் பொடி கிடைக்கும். ஆலைக்குச் சுமையாகக் குவியும் கழிவு, நீதிக்குத் துணையாகும் வாய்ப்பு இது. இம்முயற்சியை நாம் வரவேற்க வேண்டும்.

எனினும், இயற்கையில் கிடைப்பதெல்லாம் தீங்கற்றது என்று கருதலாகாது. உமியை மிகுந்த வெப்பத்தில் எரித்தால் சிலிக்கா படிக வடிவம் பெறும். அத்தூசு நுரையீரலைக் கெடுக்கும். எனவே எரிக்கும் வெப்பநிலையையும் முகக்கவசம் அணிதலையும் வரையறுத்தல் இன்றியமையாதது.

மற்றொரு கடமையும் உண்டு. மறை விரல்ரேகை மிக மென்மையானது. தகாத பொடியால் ஒருமுறை சிதைந்தால் அதை மீட்டல் அரிது. அதனுடன், குற்றமற்ற ஒருவரைக் காக்கும் ஒரே சான்றும் அழிந்துபோகலாம். ஆதலால், விலை மலிவு என்பதற்காக மட்டும் ஒரு பொடியைக் களத்திற்குக் கொண்டுசெல்லுதல் கூடாது. கண்ணாடி, நெகிழி, உலோகம் எனப் பல பரப்புகளிலும், புதிய ரேகை, பழைய ரேகை இரண்டிலும் அதைச் சோதிக்க வேண்டும். வழக்கமான பொடியோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே தரம் கிடைக்கிறதா என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

மாணவர்களே! கழிவைப் பொருளாக்குவது அறிவு. அப்பொருளை ஐயமற மெய்ப்பித்த பின்னரே மன்றத்தின் முன் வைப்பது அறம். அறிவியலுக்கு இரண்டும் வேண்டும்.